அட்டன்பரோ: ஊரைவிட்டுப் போனவனுக்குக் கிடைத்த பெயர்

வணக்கம் நண்பர்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது இங்கிலாந்தில், நாட்டிங்ஹாமிலிருந்து டெர்பிக்குப் போகும் ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் இருக்கும் பெயர்ப் பலகையைப் படித்துப் பாருங்கள். அட்டன்பரோ.

இந்தப் பெயர் உங்களுக்குத் தெரியும். காட்டு விலங்குகளைப் பற்றிய படங்களில் அந்தத் தணிந்த குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். டேவிட் அட்டன்பரோ. 1982-இல் வந்த 'காந்தி' படத்தை இயக்கியவர் அவருடைய அண்ணன் ரிச்சர்டு அட்டன்பரோ. ஒரே வீட்டில் பிறந்த இருவர் இவ்வளவு பெரிய பெயர் எடுத்துவிட்டதால், இங்கிலாந்தில் தெருவுக்கு ஒரு அட்டன்பரோ இருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் இது மிக அரிதான குடும்பப்பெயர். அதன் வேர் இந்தச் சின்ன ஊரில் இருக்கிறது.

வாருங்கள், நடந்துகொண்டே பேசலாம். ஸ்டேஷனிலிருந்து மாதா கோயில் பக்கம்தான்.

முதலில் பெயரைப் பிரித்துப் பார்ப்போம். பின்பாதியில் வரும் 'பரோ' பழைய ஆங்கிலத்தில் 'புர்ஹ்' என்று இருந்த சொல். அரண் சூழ்ந்த இடம் என்று பொருள். பீட்டர்பரோ போன்ற ஊர்ப் பெயர்களிலும் இதே சொல்தான். முன்பாதியில் ஓர் ஆளின் பெயர் ஒளிந்திருக்கிறது. அட்டா என்பது போன்ற பழைய ஆங்கிலேயப் பெயர். ஆக, அட்டா என்பவனைச் சேர்ந்த கோட்டை. அந்த மனிதன் யார், எந்தச் சண்டைக்கு அஞ்சி அரண் கட்டினான் என்பதெல்லாம் போய்விட்டது. பெயர் மட்டும் ரயில்வே பலகையில் நிற்கிறது.

அந்தப் பெயர் மனிதர்களுக்கு எப்படி வந்தது என்பதைப் பேசத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நம் வீடுகளில் அப்பாவின் பெயர் பிள்ளைக்கு முன்னெழுத்தாக வரும், அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். இங்கிலாந்தில், பிரான்ஸிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வந்த 1066-க்குப் பிறகு, மாறாத குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் மெல்லப் பரவியது. முதலில் பிரபுக்களிடம், பிறகு குடியானவர்களிடம். 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலேயர்களுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. கொல்லன் பிள்ளைகள் ஸ்மித் ஆனார்கள். ஜானின் மகன் ஜான்சன் ஆனான். ஊர்ப் பெயரைச் சுமந்தவர்களும் ஏராளம்.

இங்கேதான் நான் நின்று யோசித்தேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள். அட்டன்பரோ என்ற ஊரில் குடியிருப்பவனை, அதே ஊர்க்காரர்கள் அட்டன்பரோக்காரன் என்று கூப்பிடுவார்களா? மாட்டார்கள். எல்லோருமே அந்த ஊர்தானே! அவன் மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்க் குடியேறிய பிறகுதான், 'எந்த வில்லியம்? அட்டன்பரோவிலிருந்து வந்தானே, அந்த வில்லியமா?' என்ற கேள்வி எழும். பிறந்த மண்ணின் பெயர், அந்த மண்ணை விட்டு நீங்கியவனுக்கே ஒட்டுகிறது. வீட்டைவிட்டு ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்து வாழ்கிற எனக்கு இது பட்டென்று உறைத்தது. நான் பிறந்து வளர்ந்தது நாகர்கோவில். அங்கே இருந்தவரை என்னை யாரும் நாகர்கோவில்காரன் என்று சொன்னதே இல்லை.

இதோ, புனித மரியாள் கோயில். கூம்பு வடிவக் கோபுரம் தெரிகிறதா? நிதானமாகக் காட்டுகிறேன். இந்தக் கோயிலில் 1611-இல் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை ஹென்றி அயர்ட்டன். வளர்ந்து ஆலிவர் கிராம்வெல்லின் மருமகன் ஆனார், முதலாம் சார்லஸ் மன்னரின் மரண ஆணையில் கையெழுத்திட்டார். அது வேறு கதை, இன்று அதற்குள் போகவில்லை. இந்தப் பக்கத்துக் கோயில்களின் முக்கியத்துவம் எனக்கு வேறு ஒன்றில் இருக்கிறது. 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு கோயில் பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டார். ஒரு சாதாரணக் குடும்பம் எந்த ஊரில் பிறந்து எந்த ஊரில் மடிந்தது என்று இன்று யாராவது தேடிப்பிடிக்க முடிகிறது என்றால், அந்தப் பதிவேடுகளால்தான்.

பதிவேடுகளில் எழுதியவர்கள் பாதிரிமார்கள். பெயருக்கு உரியவருக்கோ பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் காதில் விழுந்தது காகிதத்தில் ஏறியது. அட்டன்பரோ, அட்டன்பர்ரோ, அட்டன்பாரோ என்று எழுத்து பல விதமாகத் திரிந்தது. அவற்றை வேறு வேறு குடும்பங்கள் என்று எண்ணி ஏமாறக் கூடாது. ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இந்தப் பெயர் எங்கெல்லாம் பரவியது? வெகுதூரம் போகவில்லை. நாட்டிங்ஹாம்ஷயர், அதை ஒட்டிய டெர்பிஷயர். இந்த ஊருக்கு மேற்கே எரவாஷ் என்று ஒரு சிறு ஆறு வந்து ட்ரென்ட் நதியில் கலக்கிறது. இரண்டு மாவட்டங்களுக்கும் அதுதான் எல்லை. அந்த ஆற்றின் இரு கரையையும் சுற்றியே பல தலைமுறைகள் வாழ்ந்தார்கள். பெண் எடுத்தது பக்கத்து ஊரில், வேலை பார்த்தது அடுத்த ஊரில். லண்டன் போய்ப் பிழைத்தவர்களும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் இந்தப் பெயர் போட்ட அடகுக் கடைகள் பிரபலமாக இருந்தன.

டேவிட், ரிச்சர்டு இருவருடைய அப்பா பிரெடரிக் அட்டன்பரோ பிறந்தது 1887-இல், ஸ்டேப்பிள்ஃபோர்டில். இங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டர். போன வாரம் நான் அந்த வழியை நடந்து பார்த்தேன். சில்வெல் தாண்டி, வீடுகளும் ரவுண்டானாக்களுமாகப் போகிற சாதாரணச் சாலை. நடுவில் ஒரு கடையில் தேநீர் குடித்தும் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன். இடைக்காலத்தில் யாரோ ஒருவன் இந்த ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து, ஸ்டேப்பிள்ஃபோர்டில் ஒரு ரொட்டிக் கடைக்காரருக்கு மகன் பிறந்தது வரை சில நூறு ஆண்டுகள். அவ்வளவு காலத்தில் அந்தப் பெயர் கடந்த தூரம் என் ஒன்றரை மணி நேர நடை.

பிறகு வேகம் பிடித்தது. ரொட்டிக் கடைக்காரரின் மகன் பள்ளி ஆசிரியர் ஆனார், கேம்பிரிட்ஜ் போனார், பழைய ஆங்கிலம் படித்தார். ஆதி ஆங்கிலேய அரசர்களின் சட்டங்களை மொழிபெயர்த்து 1922-இல் வெளியிட்டார். அந்தச் சட்டங்களில் ஆல்ஃபிரட் மன்னருடையதும் ஒன்று. மன்னனின் அரணை உடைத்துப் புகுந்தால் 120 ஷில்லிங் அபராதம் என்கிறது அது. அரணுக்கு அங்கே என்ன சொல் தெரியுமா? 'புர்ஹ்'. தன் பெயரின் பின்பாதியை ஆயிரம் ஆண்டுப் பழைய சட்டத்தில் பார்த்தபோது அவர் புன்னகைத்திருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

1932-இல் லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு அவர் முதல்வரானார். குடும்பம் கல்லூரி வளாகத்திலேயே குடியிருந்தது. விலங்கியல் துறைக்கு நியூட் என்கிற நீர்ப்பல்லிகள் நிறையத் தேவைப்படுகின்றன என்று கேள்விப்பட்டு, சிறுவன் டேவிட் ஒன்று 3 பென்ஸ் என்று பிடித்துக் கொடுத்தானாம். பிடித்த குளம் அந்தத் துறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை!

அதே லெஸ்டர் பல்கலைக்கழகத்தில்தான் இந்தப் பெயரின் மரபணுக் கதையும் வெளிவந்தது. டூரி கிங், மார்க் ஜோப்ளிங் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குடும்பப்பெயர் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது. ஆண்களின் உடலில் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் என்ற மரபணு இழையும் அப்படியே. அப்படியானால் ஒரே பெயர் உள்ள ஆண்களிடம் ஒரே மாதிரி ஒய் குரோமோசோம் இருக்க வேண்டுமே? 40 பிரிட்டிஷ் குடும்பப்பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களைச் சோதித்தார்கள். ஸ்மித்துகளிடம் அப்படி ஓர் ஒற்றுமையும் இல்லை. ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தானே, எங்கிருந்து ஒற்றுமை வரும்? பெயர் அரிதாக ஆக ஆக ஒற்றுமை கூடியது. அட்டன்பரோக்களில் ஏறக்குறைய 87 சதவீதம் பேர் ஒரே வகையைச் சேர்ந்தவர்கள். எழுத்துத் திரிபு எதுவானாலும் சரி. பாதிரியார் காதில் எப்படி விழுந்திருந்தாலும், அவர்கள் ஒரே மூதாதையின் வழி வந்தவர்கள்.

உடனே 'ஆக, ஒரே ஒரு ஆள்தான் இந்த ஊரை விட்டுப் போனான்' என்று முடிவுகட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்தக் கட்டுரை அதைத்தான் தடுக்கிறது. பத்துப் பேர் கிளம்பிப் போயிருக்கலாம். பத்துப் பேருக்கும் அட்டன்பரோ என்ற பெயர் ஒட்டியிருக்கலாம். ஒருவனுக்குப் பெண் குழந்தைகள் மட்டும் பிறந்தார்கள், பெயர் அத்தோடு நின்றது. ஒருவன் மகன்கள் கொள்ளைநோயில் போனார்கள். ஒருவன் மணமே செய்துகொள்ளவில்லை. கடைசியில் ஒருவன் கொடி மட்டும் தழைத்தது. ஃபிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1873-இல் இதைக் கணக்காகவே கேட்டார்: குடும்பப்பெயர்கள் ஏன் அழிந்துபோகின்றன? வாட்சன் என்ற பாதிரியார் கணிதத்தில் விடை தேடினார். நோய், போர் எதுவும் வேண்டாம். வாரிசு கிடைப்பதில் உள்ள அதிர்ஷ்டமே போதும், பெரும்பாலான பெயர்கள் மறைந்துவிடும். இன்று நாம் காணும் ஒவ்வொரு அரிய பெயரும், பக்கத்தில் பல பெயர்கள் அணைந்த பிறகு எரிகிற விளக்கு.

மீதமுள்ள 13 சதவீதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தத்துப் பிள்ளையாக இருக்கலாம், தாயின் பெயரை எடுத்துக்கொண்டவராக இருக்கலாம், வேறொரு ஊர்விட்டவனின் வழியாகவும் இருக்கலாம். இதைக் கேட்டு யாராவது முகம் சுளித்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். லெஸ்டரில் 2012-இல் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் எலும்புகள் கிடைத்தன அல்லவா, அந்த மரபணு ஆய்வை நடத்தியவரும் இதே டூரி கிங்தான். மன்னரின் ஆண்வழி உறவினர் என்று வம்சாவளி ஏடுகள் சொன்ன ஐந்து பேரில் ஒருவரின் ஒய் குரோமோசோம்கூட மன்னருடையதோடு பொருந்தவில்லை. அரச குடும்பத்துக்கே அப்படி.

இன்னொன்று. போர் மூளும் நேரத்தில், 1939-இல், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த இரண்டு யூதச் சிறுமிகளுக்கு அட்டன்பரோக்களின் லெஸ்டர் வீடு இடம் கொடுத்தது. ஏழு ஆண்டுகள் மகள்களாகவே வளர்ந்தார்கள். எந்த ஒய் குரோமோசோமிலும் அவர்கள் தெரிய மாட்டார்கள். அட்டன்பரோ குடும்பம் என்று நான் சொல்லும்போது அவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஏரிக்கரைக்கு வந்துவிட்டோம். இந்தத் தண்ணீர் முழுவதும் ஒரு காலத்தில் சரளைக்கல் தோண்டிய பள்ளங்கள். தோண்டி முடித்த பள்ளங்களில் நீர் நிறைந்து, பறவைகள் வந்து, சரணாலயம் ஆகிவிட்டது. 1966-இல் திறந்து வைத்தவர் டேவிட் அட்டன்பரோ. மூதாதையின் ஊருக்கு அந்தப் பெயர் விருந்தாளியாகத் திரும்பி வந்தது. அதோ, கொண்டை வைத்த முக்குளிப்பான் ஒன்று... மூழ்கிவிட்டது. எங்கே எழும்பும் என்று பார்ப்போம். அதோ அங்கே! இவ்வளவு தூரம் நீருக்குள்ளேயே போயிருக்கிறது.

இப்போது இந்தப் பெயர் ஆண்வழியை நம்பி இல்லை. பிலிப்பைன்ஸின் பலவான் தீவில் மலை உச்சியில் ஒரு பூச்சியுண்ணும் குடுவைச் செடிக்கு இந்தப் பெயர். இந்தோனேசியாவின் பப்புவாவில், அழிந்துவிட்டதோ என்று அஞ்சி 2023-இல் மறுபடி கண்ட, எக்கிட்னா என்கிற முட்டையிடும் பாலூட்டிக்கு இந்தப் பெயர். அண்டார்டிகாவுக்குப் போகிற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பலுக்கும் இதே பெயர்.

நான் துள்ளிக் குதித்தது வேறொன்றைப் படித்தபோது. 2018-இல் கேரளக் கடற்கரை மணலில், தொண்டையில் விசிறி போல விரியும் தோல் கொண்ட ஒரு சிறு ஓணானைப் புதிய இனம் என்று அறிவித்தார்கள். 'சிட்டானா அட்டன்பரோவி' என்று பெயர் வைத்தார்கள். திருவனந்தபுரம் பக்கம். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரம். நான் நாகர்கோவிலிலிருந்து கிளம்பி இங்கே வந்து சேர்ந்தேன். அட்டன்பரோ இங்கிருந்து கிளம்பி எங்கள் ஊர்ப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, காலை வெயில் ஏறும் முன் அந்த மணலில் கேமராவோடு உட்கார்ந்திருப்பேன். அம்மாவையும் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். இப்போது டெர்பி ரயில் வருகிற நேரம், நான் ஓட வேண்டும். வணக்கம்.