நாள் தள்ளிப்போனால்

வணக்கம். வண்ணாரப்பேட்டையில் பல வருஷமாகப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். மாதவிலக்கு வரவில்லை என்று ஒரு அம்மா மகளைக் கூட்டிவந்தால் என் முதல் கேள்வி, "கடைசியாக எந்தத் தேதி?" மகள் அம்மாவைப் பார்ப்பாள். அம்மா விரல் விட்டு எண்ணுவார். "ஆடிக் கிருத்திகைக்கு முன்னாடி டாக்டரம்மா... இல்லை, அமாவாசை கழிச்சா?"

ஒரு ஐப்பசியில் அப்படி வந்த ஒரு பெண்ணை மறக்கவே முடியாது. இருபது வயது, எம்.சி. ரோடு துணிக்கடையில் வேலை. பப்பாளி, எள்ளுருண்டை எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டார் அம்மா. 'நாள் தள்ளிப்போச்சு' என்று சொல்ல மட்டும் அவருக்கு நாக்கு எழவில்லை. நம் பேச்சில் அதற்குக் கர்ப்பம் என்றுதானே அர்த்தம்! அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் அவளிடம் பேசினேன். சிறுநீர்ப் பரிசோதனையும் செய்தேன். அது சந்தேகப்பட்டு இல்லை, யார் வந்தாலும் அதுதான் முதல் சோதனை. கர்ப்பம் இல்லை.

அப்புறம்தான் கவனித்தேன். கடைச் சீருடை ஜாக்கெட்டை இரண்டு பக்கமும் ஊக்கு குத்திப் பிடித்திருந்தாள். ஆனியில் தைத்தது, அத்தனை தொளதொளப்பு. ஏழு கிலோ இறங்கியிருந்தாள். காலையில் டீயும் பொறையும், மதியச் சோறு நாலு மணிக்கு. பாத்ரூம் போக வேண்டிவருமே என்று தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நாள் முழுக்க நின்றபடி வேலை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, அவளுக்கு அது தெரியவில்லை.

வயிற்றுக்கும் மாதவிலக்குக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். கருமுட்டை வெளிவந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மாதவிலக்கு வரும். உடம்புக்குச் சாப்பாடு போதாவிட்டால், மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் முட்டைக்கான உத்தரவைக் குறைத்துவிடும். ஆக, பெரும்பாலும் முட்டை தாமதம், அதனால்தான் மாதவிலக்கும் தாமதம். பரீட்சைப் பயம், தூக்கமின்மை, வீட்டுச் சண்டை, எல்லாம் இதே வழியில்தான் வேலை செய்யும். முட்டையே வராதபோது பப்பாளி என்ன செய்யும், பாவம்.

அவளுக்கு நான் எழுதிக்கொடுத்தது மூன்று வேளைச் சாப்பாடுதான். பொங்கல் கழித்து வந்தாள். கையில் மளிகைக்கடை காலண்டர். தை மாதத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம்! அந்த வட்டத்தைத்தான் எல்லோரிடமும் கேட்கிறேன். வரும் முதல் நாளைச் சுழித்துவையுங்கள், அது போதும்.

இருபத்தெட்டு நாள் என்பது சட்டம் இல்லை. 21 முதல் 35 நாள் வரை சரிதான். வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருஷம் 45 நாள்வரை போகலாம், பதறாதீர்கள்.

எடை கூடினாலும் தள்ளிப்போகும். முகத்தில் முடி, விடாத பரு இருந்தால் பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறு இருக்கலாம். சினைப்பையில் நீர்க்கட்டி என்று பயமுறுத்துகிறார்கள். அவை உண்மையில் முழுதாக வளராமல் நின்றுபோன முட்டைப் பைகள்தான். எழுபது கிலோ இருப்பவர் மூன்றரை கிலோ குறைத்தாலே பலருக்குச் சுழற்சி சீராகிறது.

தைராய்டு பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரமாச்சு என்று ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அசதி, மலச்சிக்கல் இருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை. மார்பில் பால் கசிந்தால் கட்டாயம் காட்டுங்கள். திருவிழாவுக்கென்று தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களே வாங்காதீர்கள். பதினைந்து வயதாகியும் வயதுக்கு வராவிட்டால், அல்லது மூன்று மாதம் வராவிட்டால் டாக்டரிடம் போங்கள். நாள் தள்ளி, ஒரு பக்கமாக வயிற்றுவலியோ மயக்கமோ வந்தால் அன்றைக்கே போக வேண்டும். ராயபுரத்தில் அரசு ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை இருக்கிறது, ஸ்டான்லி இருக்கிறது. போகும்போது காலண்டரை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.