விளக்குக்குக் கீழேதான் இருட்டு

விழாத் தலைவர் அவர்களே, என்னைப் பேசப் பணித்த மன்றச் செயலாளர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமையும் கருப்புக் கோட்டோடு வந்திருக்கும் வழக்கறிஞர் நண்பர்களே, சால்வை போர்த்திய பெரியவரே, மைக் செட் தம்பியே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் அவர்களுக்கு இரண்டு வணக்கம்.

சென்னை உயர் நீதிமன்றத்தைப் பற்றி மூன்று செய்தி சொல்வேன்: கட்டடம், வரலாறு, வண்ணக் கண்ணாடி.

பிராசிங்டன் முதலில் வரைந்தார்; ஹென்றி இர்வின் முடித்தார்; கட்டிக் கொடுத்தவர் நம் நம்பெருமாள் செட்டியார். 1888-ல் தொடங்கி 1892 ஜூலை 12-ல் திறந்தார்கள். செக்கச் செவேலென்று செங்கல், மேலே வெங்காயம் வெங்காயமாகக் குவிமாடம். இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டடக் கலை கலந்த இந்தப் பாணியை இந்தோ சாரசெனிக் என்பார்கள். உயரமான கோபுரத்தில் 1894-ல் கலங்கரை விளக்கம் ஏற்றினார்கள். 1977-ல் மெரினா விளக்கம் வரும்வரை கப்பல்காரனுக்கு இதுதான் அடையாளம். முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வீசிய குண்டில் ஒன்று இந்தச் சுற்றுச்சுவரில்தான் விழுந்தது. கல்வெட்டு இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

நடுக்கடலில் இருந்தவனுக்கு வெளிச்சம் கிடைத்தது. வழக்கோடு வந்த கட்சிக்காரனுக்கு? விளக்குக்குக் கீழேதான் இருட்டு!

என் பெரியப்பா ஒரு வாய்க்கால் தகராறுக்காக ஒரு கோர்ட்டுக்குப் போனார். எந்தக் கோர்ட் என்று கேட்காதீர்கள், நான் வீடு போய்ச் சேர வேண்டும். சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, மஞ்சள் பையில் பத்திரம். இரண்டு வக்கீல்கள் இங்கிலீஷில் முக்கால் மணி நேரம் மோதினார்கள். பெரியப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்தீங்களா, நம்ம வாய்க்காலுக்கு என்ன போடு போடுறாங்க!" வெளியே வந்ததும் குமாஸ்தா கையில் பத்து ரூபாயைத் திணித்து, "தம்பி, ஜெயிச்சோமா?" என்றார். குமாஸ்தா சொன்னான்: "ஐயா, நம்ம கேஸை இன்னும் கூப்பிடவே இல்லையே!"

சிரிக்கிறீர்கள். அவர் சாகும்வரை சிரிக்கவில்லை.

அரசியல் சட்டம் 348(2) உயர் நீதிமன்றத்தில் மாநில மொழிக்கு வழி வைத்திருக்கிறது. ராஜஸ்தானில், உத்தரப் பிரதேசத்தில், மத்தியப் பிரதேசத்தில், பீகாரில் இந்தி நுழைந்தாயிற்று. நம் சட்டமன்றம் 2006-லேயே தீர்மானம் போட்டது. தமிழ் இன்னும் வாசலில் நிற்கிறது. 1877-லேயே முத்துசாமி ஐயர் இந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் பேசிய மொழி உட்காரவில்லை. விளக்குக்குக் கீழேதான்... நீங்களே சொல்லுங்கள்!

செயலாளர் மணி அடித்துவிட்டார். வண்ணக் கண்ணாடியை அடுத்த கூட்டத்தில் பார்ப்போம். வாசலில் மேசை போட்டிருக்கிறோம், தமிழுக்கான மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். பேனா மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், போன கூட்டத்தில் நான்கு போய்விட்டது.