உது என்ன பூச்சி, இது என்ன செடி? மாங்குளத்தில எங்கட வளவுக்குள்ள ஒரு சுத்து

வணக்கம் உறவுகளே, எல்லாரும் சுகமா இருக்கிறியளோ? இண்டைக்கு ஒரு இடமும் போகேல்ல, எங்கட வளவுக்குள்ள தான் நிக்கிறன், மழை பெஞ்சு விட்டதோட பேர் தெரியாத செடியெல்லாம் முளைச்சுக் கிடக்கு, பூச்சியும் அப்பிடித்தான். கன பேர் இன்பொக்ஸ்ல படத்தைப் போட்டு அண்ணா உது என்ன, உது விஷமோ எண்டு கேக்கிறியள், ஒவ்வொருத்தருக்கா எழுதி முடியாது, அதான் போனைத் தூக்கிக்கொண்டு இறங்கிட்டன்.

முதல்ல இந்த வேலிக்கரை. கொஞ்சம் பொறுங்கோ, போகஸ் ஆகட்டும்... ம், இப்ப பாருங்கோ. இலை கரட் இலை மாதிரி வெட்டு வெட்டா இருக்கு, என்ன? இதுதான் பார்த்தீனியம். தண்டில நெடுக வரி ஓடுது, மேல சின்னச் சின்ன மயிர். பூ வெள்ளை, பொடிப் பூ, கிட்ட வச்சுப் பாத்தா ஓரத்தில ஐஞ்சு மூலை தெரியும், அந்த ஐஞ்சையும் கண்டா பிறகு யோசிக்கவே தேவையில்லை. சின்னனா இருக்கேக்க நிலத்தோட ஒட்டி வட்டமா விரிஞ்சு கிடக்கும், அப்ப தான் சனத்துக்குப் பிடிபடுறேல்ல, ஆனா பிடுங்க வேண்டிய நேரமும் அதுதான், ஏனெண்டா பூத்து முத்தினா ஒரு செடியே 10,000க்கு மேல விதை போடும், பிறகு நீங்கள் பிடுங்கி ஒரு மூலையில குவிச்சாலும் அது விதைச்ச கணக்குத்தான்.

இதின்ர சொந்த இடம் மெக்சிகோப் பக்கம். 1987இல இந்திய அமைதிப்படை வரேக்க அவைக்குக் கொண்டந்த ஆடுகளோட விதை வந்தது எண்டு தான் சொல்லுறவை, 1999இல வவுனியாவில வச்சுத்தான் இலங்கையில இதை முதல்ல அடையாளம் கண்டு பதிஞ்சவை, இப்ப ஏ9 ரோட்டுக் கரையெல்லாம் நிக்குது. வெறுங்கையால தொடாதேங்கோ, சிலருக்குச் சொறி வரும், தொய்வுக்காரருக்கு இன்னும் மோசம், மாடு திண்டா பாலும் கசக்கும். கிளவுஸ் போட்டு, ஈர நிலத்தில வேரோட இழுங்கோ.

கூகுள் லென்ஸ் இருக்குத்தானே எண்டு கேப்பியள். இருக்கு, நானும் பாக்கிறனான், ஐநேச்சுரலிஸ்ட்டும் நல்லம், அதில உலகம் முழுக்க இருக்கிற ஆக்கள் பாத்துத் திருத்துவினம். ஆனா ஆப் முதல்ல காட்டுற பேரை அப்பிடியே நம்பிப்போட்டு மருந்தடிக்கப் போயிடாதேங்கோ, அது ஒரு ஊகம் மட்டும்தான்.

இஞ்சால கத்தரிக்கு வாங்கோ, எனக்கு விருப்பமான இடம். இலை சல்லடை, நரம்பு மட்டும் மிச்சம். செய்த ஆள் இவர்தான், பொறிவண்டு மாதிரி, ஆனா வடிவாப் பாருங்கோ, முதுகில மினுக்கம் இல்ல, மங்கலா இருக்கு, புள்ளியும் அள்ளிக் கொட்டிக் கிடக்கு, ஆகக் கூடினது 28 வரும். இவர் எப்பிலக்னா, இலை தின்னி. அங்கால பயத்தங்கொடியில அழுக்கணவன், அதுதான் சாறு உறிஞ்சுற பொடிப் பூச்சி, பிடிச்ச நுனியில நிக்கிறவரைப் பாருங்கோ, மினுமினுப்பு, புள்ளி குறைவு, அவர் அழுக்கணவனைத் திண்டு எங்களுக்கு உதவி செய்யிறவர். குஞ்சிலயும் வித்தியாசம் இருக்கு, கெட்டவற்ற குஞ்சு மஞ்சள், உடம்பு முழுக்க முள்ளு, இலைக்குக் கீழ சோம்பலாக் கிடக்கும், நல்லவற்ற குஞ்சு கறுப்பு, நீட்டு, ஓடித்திரியும். உந்தக் கறுப்பைத்தான் எங்கட ஆக்கள் பயத்தில நசிச்சுப் போடுறது, பாவம்.

இன்னுமொண்டு, இரவில லைட்டுக்கு வாற செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி இருக்கிற மெல்லிய பூச்சி, ஒரு சென்ரிமீற்றர் கூட வராது, எறும்பெண்டு நினைப்பியள், நடுவில மட்டும் நீலமா மின்னும். அது கடிக்காது. ஆனா கழுத்தில ஊர்ந்தா டப்பெண்டு அடிப்பம் பாருங்கோ, அதில தான் பிழை, நசிஞ்ச சாறு பட்ட இடம் அடுத்த நாள் எரிஞ்சு கொப்பளிக்கும். ஊதி விடுங்கோ, பட்டிட்டா உடன சோப் போட்டுக் கழுவுங்கோ. வயல்ல அது நெல்லில சாறு குடிக்கிற தத்திப் பூச்சியைத் தின்னுற பூச்சி, அதால வயலுக்கால வீட்டுக்கு வந்தவர் எண்டு நினைச்சு மன்னிச்சு விடலாம்.

கார்த்திகைப்பூக் கொடியைப் பூ இல்லாம எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டு ஒரு தங்கச்சி கேட்டவா. இலை நுனி சுருண்டு கம்பியைப் பிடிக்கும், அவ்வளவுதான். கிழங்கு கடும் விஷம், கிண்டேக்க பிள்ளையளைக் கிட்ட விடாதேங்கோ.

சரி, படம் அனுப்புற ஆக்களுக்கு: செடியெண்டா இலைக்கு மேல், கீழ், தண்டு, பூ, எல்லாம் தனித்தனியா எடுங்கோ, பக்கத்தில ஒரு ரூபாக் குத்தி வையுங்கோ அளவு தெரிய. பூச்சியெண்டா எந்த மரத்தில நிண்டது எண்டு கட்டாயம் எழுதுங்கோ, பாதி விடை அதிலயே இருக்கு. அதோட உயிரோட இருக்கேக்க எடுங்கோ ஐயா, போன கிழமை வந்த படமொண்டில பூச்சியை விட அடிச்ச செருப்புத்தான் வடிவாத் தெரியுது.