5 சொட்டு மருந்து, 30 வருட உழைப்பு

அனைவருக்கும் வணக்கம்.

45 நாள் ஊசிக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன தாய்மார்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். தொடையில் ஊசி போடுவதற்கு முன்னால் செவிலியர் குழந்தையின் கன்னத்தை லேசாக அழுத்தி, வாயோரமாகச் சொட்டு மருந்து விடுவார். அது ரோட்டா வைரஸ் பேதிக்கான தடுப்பு மருந்து. நம் நாட்டிலேயே உருவான ரோட்டாவேக் என்றால் 5 சொட்டு. அந்த 5 சொட்டு அவர் கைக்கு வந்து சேர 30 வருடம் பிடித்தது.

1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் பிறந்த சில குழந்தைகளின் மலத்தில் ரோட்டா வைரஸ் இருந்தது, ஆனால் பேதி இல்லை. டாக்டர் எம்.கே. பானும் குழுவினரும் இதை அப்படியே விட்டுவிடவில்லை. அந்தக் குழந்தைகளுக்குப் பிற்பாடும் ரோட்டா பேதி குறைவாகவே வந்ததைப் பார்த்தார்கள். அந்த வைரஸையே மருந்தாக்கலாம் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது.

சரி, அதற்குப் பணம்? லாபம் எப்போது வரும் என்றே தெரியாத வேலைக்கு எந்த கம்பெனி 30 வருடம் காத்திருக்கும்? மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை விடாமல் தாங்கிப் பிடித்தது. அமெரிக்க அரசும் கைகொடுத்தது. தயாரிப்புக்கு பாரத் பயோடெக் வந்தது, வெளிநாட்டு அறக்கட்டளைகளும் சேர்ந்தன. நடுவே 1999இல் அமெரிக்காவில் வேறொரு ரோட்டா தடுப்பு மருந்து, குடல் செருகல், அதாவது குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வது, வருகிறது என்று திரும்பப் பெறப்பட்டது. அப்போதும் இங்கே வேலை நிற்கவில்லை.

கடைசிக் கட்டச் சோதனை டெல்லி, புனே, நம் வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. “பாப்பாவுக்கு வாந்தி இருக்கா, எத்தனை தடவை வெளியே போச்சு?” என்று தாய்மார்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி, மல மாதிரி வாங்கிப் போனவர்களின் உழைப்பு அது. 2013இல் முடிவு வந்தது. முதல் வயதில் கடுமையான ரோட்டா பேதி 56 சதவீதம் குறைந்திருந்தது. ‘இவ்வளவுதானா?’ என்று கேட்டவர்கள் உண்டு. வருடத்துக்குச் சுமார் 78,000 குழந்தைகளை இந்த ஒரு கிருமிக்குப் பறிகொடுத்த நாட்டில் அது எத்தனை உயிர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2016இல் 4 மாநிலங்களில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள், அடுத்த வருடம் தமிழ்நாட்டுக்கும் வந்தது.

இப்போது பெரியவர்களின் குடலுக்கு வருவோம். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், கிரோன் நோய் என்று குடல் நாள்பட்டு அழன்று புண்ணாகும் நோய்கள் எல்லாம் நம்மிடையே கூடிவருகின்றன. நம் சாப்பாட்டுக்கும் நம் குடல் கிருமிகளுக்கும் இதில் என்ன பங்கு என்பதை நாம்தான் ஆராய வேண்டும். ஆனால் ஆய்வு நிதி பெரும்பாலும் 3 வருடத்துக்குத்தான். நோயாளியின் நம்பிக்கையைப் பெற்று, அவர் கூச்சம் விட்டுப் பேசத் தொடங்கும் நேரத்தில் களப்பணியாளரின் ஒப்பந்தம் முடிந்துவிடும். அப்புறம் வருகிறவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதனால் அரசிடம் நான் கேட்பது இதைத்தான்: அரசு மருத்துவக் கல்லூரிகளின் குடல்நோய்ப் பிரிவுகளுக்கு 10 வருடத்துக்காவது உறுதியான ஆய்வு நிதி கொடுங்கள். களப்பணியாளர்களுக்கும் அதே 10 வருடத்துக்கு வேலை உத்தரவு கொடுங்கள்.

நன்றி.