மானியம் யார் பெயருக்குப் போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். விவசாய மானியம் என்றாலே எத்தனை கோடி என்றுதான் பேச்சு எழும். அது யார் பெயருக்குப் போகிறது என்பதை இன்று பார்க்கலாம்.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பாயின்செட் என்றொரு கவுண்டி, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, இருக்கிறது. 1930-களில் அங்கே பருத்திதான் பிழைப்பு. நிலம் பண்ணையார்களுடையது. பாடுபட்டவர்கள் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுத குடும்பங்கள். கறுப்பினத்தவரும் உண்டு, வெள்ளையரும் உண்டு. விளைச்சலில் பாதி பண்ணைக்கு. மீதிப் பாதியும் பெரும்பாலும் கடனில் கழிந்துவிடும்.

பருத்தி விலை பவுண்டுக்கு ஆறு சென்ட் அளவுக்கு விழுந்துவிட்ட நேரம். விலையை ஏற்ற, 1933-இல் ரூஸ்வெல்ட் அரசு ஒரு சட்டம் போட்டது. சாகுபடியைக் குறைத்தால் பணம். அந்த வருடம் செடி ஏற்கெனவே வளர்ந்து நின்றதால், நாடு முழுக்கச் சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தியை மடக்கி உழுதார்கள்.

அரசு நிலக்காரர்களோடு போட்ட அடுத்த வருட ஒப்பந்தத்தின் கணக்கைக் கேளுங்கள். தரிசாக விட்ட நிலத்தில் விளைந்திருக்கக்கூடிய பருத்தியைக் கணக்கிட்டுப் பவுண்டுக்கு மூன்றரை சென்ட் வாடகை, அது நிலக்காரருக்கு. அதற்கு மேல் ஒரு சென்ட். அதை வாரப்படி பிரித்துக்கொள்ள வேண்டும். ஆக, நாலரை சென்ட்டில் உழுதவனுக்கு அரை சென்ட். அதுவும் பண்ணையார் கை வழியாக! பலருக்கு அது வந்தே சேரவில்லை. நிலம் குறைந்தால் ஆள் எதற்கு என்று குடும்பங்களை வெளியேற்றவும் தொடங்கினார்கள். வாரக்குடிகளை முடிந்தவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. சரி, புகாரை எங்கே கொண்டுபோவது? திட்டத்தைக் கவனித்த உள்ளூர்க் கமிட்டிகளில் பண்ணையார்களின் கைதான் ஓங்கியிருந்தது.

1934 ஜூலையில், அதே கவுண்டியின் டைரான்சா ஊருக்குப் பக்கத்தில் 11 வெள்ளையரும் 7 கறுப்பினத்தவரும் கூடி, தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். துணி வெளுக்கும் கடை வைத்திருந்த எச். எல். மிட்செலும், பெட்ரோல் பங்க் நடத்திய கிளே ஈஸ்டும் துணை நின்றார்கள். இரண்டு இனத்தாரும் ஒரே சங்கத்தில் சேர்வதே உயிருக்கு ஆபத்தாக இருந்த காலம் அது. அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

வாஷிங்டனிலும் சிலர் அவர்கள் பக்கம் நின்றார்கள். இருந்த குடிகளையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஒப்பந்தத்தின் பொருள் என்று வேளாண் துறையின் வழக்கறிஞர்கள் சொன்னார்கள். அதனாலேயே 1935 பிப்ரவரியில் அந்த வழக்கறிஞர்களின் தலைவர் ஜெரோம் ஃபிராங்க் உட்படப் பலர் வேலையை இழந்தார்கள்.

பின்னால் வந்த திட்டங்களில் குடிகளின் பங்கு கூடியது. பணம் நேராக அவர்களுக்கே போக வழி பிறந்தது. அப்புறம் நடந்ததுதான் கொடுமை. பல பண்ணையார்கள் வாரக்குடிகளைத் தினக்கூலிகளாக மாற்றினார்கள். கூலிக்கு மானியத்தில் பங்கு கிடையாதே! மானியப் பணம் டிராக்டர் வாங்கவும் கைகொடுத்தது.

இன்று அங்கே நிலத்தை ரொக்கக் குத்தகைக்கு விட்டவருக்குப் பயிர் மானியம் போகாது, சாகுபடி செய்பவருக்குத்தான். ஒருவருக்கு வருடத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் உண்டு. ஆனால் 2018 வேளாண் சட்டம் பண்ணையில் பங்குதாரராகச் சேரக்கூடிய உறவு வட்டத்தை ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகள், உடன்பிறந்தார் பிள்ளைகள் வரை விரித்தது. தலை கூடக்கூட உச்சவரம்பும் பெருகும். குத்தகையும் சும்மா இருப்பதில்லை. மானியம் வருகிறது என்று தெரிந்தால் அடுத்த ஒப்பந்தத்தில் நிலக்காரர் தொகையை ஏற்றிக் கேட்கிறார்.