முதலில் தேதியைச் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அரசாங்கச் செலவு, அரசியல், சொந்தத் தொழில், இந்த மூன்றைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. ராமேசுவரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் மண்டபம் என்ற ஊரில் ஐஸ் கம்பெனி நடத்துகிறவன். ஆனால் எங்களுக்கு இந்த மூன்றும் ஒரே போனில் வந்துவிடும். "அண்ணே, நாளைக்குப் படகு போகலையாம், ஸ்டிரைக்காம்." அவ்வளவுதான், அன்றைய கணக்கு முடிந்தது.

எங்கள் வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். இன்று டின்னில் ஊற்றுகிற தண்ணீர் உப்புக் கரைசல் தொட்டிக்குள் இறங்கி, ஏறக்குறைய ஒரு நாள் கழித்துத்தான் பாராக, அதாவது பெரிய ஐஸ் கட்டியாக வெளியே வரும். அதனால் நாளைக்கு எத்தனை படகு கடலுக்குப் போக அனுமதி டோக்கன் எடுக்கும் என்பது இன்றைக்கே தெரிய வேண்டும். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. அது தெரிந்த கணக்கு. காற்று எச்சரிக்கை வந்தால் மீன்வளத்துறை டோக்கன் தராது. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போனால் வேலைநிறுத்தம். எடுத்து அடுக்கிய பார் உருகிப் போகும், கரண்ட் பில் உருகாது.

தொழில் செய்கிறவர்கள் கூடும் கூட்டங்களுக்கு மதுரைக்குப் போவதுண்டு. அங்கே யாராவது ஒருவர் எழுந்து, "அரசாங்கம் மானியத்தையும் இலவசத்தையும் நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டால் போதும், நாங்கள் பிழைத்துக்கொள்வோம்" என்பார். பலத்த கைதட்டல் கிடைக்கும். எனக்குக் கை வராது. என்னிடம் ஐஸ் வாங்கும் படகு வரிவிலக்கு டீசலில் ஓடுகிறது. மீன்பிடித் தடைக்கால நிவாரணமாக மீனவர் குடும்பத்துக்கு வருகிற 8,000 ரூபாய் எங்கள் தெரு மளிகைக்கடையில்தான் முதலில் இறங்குகிறது. பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறக்கப்படாமல் இருந்திருந்தால் ராமேசுவரத்து மீன் லாரியில் ஏறிக் கரை தாண்டுவது எப்படி? காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2009இல் வந்தது. அதற்கு முன்னால் இந்த மாவட்டத்துப் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அலைந்ததைப் பார்த்தவன் நான். இன்றும் சில ஊர்களில் அந்த வண்டி ஓய்ந்தபாடில்லை, அது வேறு விஷயம். இந்தக் கரையில் அரசாங்கப் பணம் தொடாத தொழில் ஒன்றை எனக்குக் காட்டுங்கள், பார்ப்போம்.

ஆகவே எவ்வளவு செலவு செய்ய வேண்டும் என்ற சண்டையைச் சென்னையிலும் டெல்லியிலும் போட்டுக்கொள்ளட்டும். என் வழக்கு வேறு. எப்போது என்று சொல்லுங்கள், சொன்ன நாளில் செய்யுங்கள்.

மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்கிற மீன்பிடித் தடைக்காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் கூட்டினார்கள். அந்த நாட்களில் என் கம்பெனியில் மிஷின் ஓடாது, மின்வாரியத்தின் நிலைக்கட்டணம் மட்டும் ஓடும். 2022 செப்டம்பர் கட்டண உயர்வுக்குப் பிறகு அது நன்றாகவே கடிக்கிறது. இருந்தாலும் நான் பார்த்த அரசு உத்தரவுகளிலேயே எனக்குப் பிடித்தது இந்தத் தடைக்காலம்தான். தேதி மாறாது. கம்ப்ரசரைப் பிரிப்பது, துருப்பிடித்த டின்னை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது எல்லாவற்றையும் அதற்குள் வைத்துக்கொள்கிறேன். வேலையாட்கள் ஊருக்குப் போய்க் கல்யாணம், கோயில் கொடை பார்த்து வருகிறார்கள். வங்கித் தவணைக்கு மார்ச்சிலேயே பணம் ஒதுக்கிவிடுகிறேன். 2024இல் தடைக்காலத்தின் ஐந்தாம் நாள் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. விசைப்படகில் போகிற ஆண்கள் அத்தனை பேரும் கரையில் இருந்தார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவர்களுக்கு அப்படி ஒரு கூட்டம் வேறு மாதத்தில் கிடைத்திருக்காது.

இனி தேதி இல்லாதவற்றுக்கு வருவோம். எங்கள் கடலில் கப்பல் கால்வாய் வெட்டும் சேது சமுத்திரத் திட்டத்தை 2005 ஜூலை 2ஆம் தேதி மதுரையில் தொடங்கி வைத்தார்கள். மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். கப்பல் வரும், துறைமுகம் வரும் என்று கடனை வாங்கி நிலத்தை வாங்கிப் போட்டவர்கள் எங்கள் பக்கம் உண்டு. பிறகு கால்வாயால் ராமர் பாலம் உடையும் என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று, வேலை நின்றது. திட்டம் வந்திருக்க வேண்டுமா, கூடாதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பவளப்பாறைக்கும் மீனுக்கும் கேடு என்று சொன்னவர்களின் பேச்சிலும் நியாயம் இருந்தது. நிலம் வாங்கியவருக்கு "இது நடக்காது" என்று இன்றுவரை யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. தேர்தல் வந்தால் பேச்சு மறுபடி எழும், அவரும் இன்னொரு வருஷம் வட்டி கட்டுவார்.

ஆழ்கடல் படகுத் திட்டம் இன்னும் நல்ல உதாரணம். 2017இல் வந்தது. நமக்கும் இலங்கைக்கும் நடுவில் உள்ள பாக் நீரிணையில், கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலையைக் குறைத்து, சூரை மீன் பிடிக்கப் படகுகளை ஆழ்கடலுக்கு அனுப்புவது நோக்கம். நோக்கத்தில் குற்றமே இல்லை. அப்போது படகு ஒன்று 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20, மீனவர் பங்கு 10. அதாவது கையிலிருந்து 8 லட்சம். மூன்று வருஷத்தில் 2,000 படகு என்றார்கள். வருஷங்கள் பல ஓடியும் நூறைத் தொடவில்லை. மானியம் போதவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். எழுபது சதவீதம் போதாதென்றால் எதுதான் போதும்? நான் பேசிய படகுக்காரர்கள் சொன்னது இதுதான்: "பழைய படகைக் கொடுத்துடணும். புதுசு எப்ப வரும்னு எழுதித் தர யாருமில்ல. நடுவுல நாங்க என்ன சாப்பிடுறது?" போதாக்குறைக்குச் சூரைத் தூண்டில் தொழில் வேறு வித்தை. ஒரே ராத்திரியில் போய்த் திரும்புகிறவனை வாரக்கணக்கில் கடலில் இருக்கச் சொன்னால், அதற்கேற்ற ஐஸ், டீசல், ஏலக்கூடம், வியாபாரி எல்லாம் ஒன்றாக அமைய வேண்டும்.

புதிய பாம்பன் ரயில் பாலத்தையும் சொல்ல வேண்டும். 550 கோடி ரூபாயில் அருமையான வேலை, கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. ஆனால் 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதியது திறந்தது 2025 ஏப்ரல் 6. இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றன. "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்றே ஓடியது. ராமேசுவரம் ஸ்டேஷன் வாசலில் கடை வைத்திருந்தவரிடம் "2025 ஏப்ரல்" என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அவர் கடையை மாற்றிக்கொண்டிருப்பார். எங்கள் மண்டபத்து ஆட்டோக்காரர்களுக்கு மட்டும் அந்தக் காலம் நல்ல காலம். ஒருவருக்கு நட்டமானால் இன்னொருவருக்கு வரவு, கரையில் எப்போதும் அப்படித்தான்.

சின்னத் தொகைக்கும் இதே கதை. ஒரு விழாவுக்குத் தண்ணீர் பாட்டில் குளிர வைக்க ஐஸ் கொடுத்தேன். எந்தத் துறை என்பது வேண்டாம். துறையிடம் பணம் கேட்டால் காண்ட்ராக்டரிடம் கேள் என்றார்கள், காண்ட்ராக்டரைக் கேட்டால் துறையில் ஃபண்ட் வரவில்லை என்றார். அந்த ஐஸ் எப்போதோ உருகிக் கடலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் வருஷத்துச் சிறுதொழில் சட்டப்படி, குறு, சிறு தொழிலிடம் சரக்கு வாங்கினவர் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. எங்கள் கடற்கரைப் பெண்கள் மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியும் சுமார் 45 நாளில்தான் அறுவடைக்கு வரும். பாசி வந்துவிடுகிறது, பில் பணம்தான் வருவதில்லை. வழக்குப் போடலாமே என்பீர்கள். போடுகிறவருக்கு அடுத்த சீசனில் ஆர்டர் யார் தருவது? ஆனாலும் சிறுதொழில் என்று அரசிடம் பதியும் உத்யம் பதிவு இல்லாமல் இந்தச் சட்டத்தைப் பேசவே முடியாது. பதிவு இலவசம், புரோக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அரசியல்வாதிகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடிக்கல்லுக்குக் கூட்டம் வருகிறது, கல்வெட்டில் பெயர் வருகிறது. ஏலக்கூடத்துக் குழாயைப் பழுது பார்த்ததற்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்? நாமும் கேட்பதில்லை. "எவ்வளவு கோடி?" என்று கேட்கிறோம், "எந்த மாதம்?" என்று கேட்பதில்லை.

கடைசியாக, தொழில் தொடங்கலாமா என்று என்னிடம் வரும் இளைஞர்களுக்கு ஒரு தகவல். பிரதமர் வேலை உருவாக்கத் திட்டத்தில் கிராமப்புறத்தில் 25 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு. நண்டு பதப்படுத்துவதோ, குண்டு மிளகாய்ப் பொடியோ, கருவாடோ, நல்ல தொழிலுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தப் பணம் உங்கள் கையில் விழாது. வங்கியில் உங்கள் பெயரில் மூன்று வருஷம் டெபாசிட்டாக இருக்கும். தொழில் ஓடினால்தான் பிறகு கடனில் கழியும். ஆகவே முதல் மூன்று வருஷக் கணக்கை அந்த மானியம் இல்லை என்று வைத்தே போடுங்கள். அதிலும் லாபம் தெரிந்தால் ராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். தெரியாவிட்டால் முதலில் என்னிடம் வாருங்கள், டீ குடித்துக்கொண்டே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். தடைக்காலத்தில் வந்தால் இன்னும் நல்லது, எனக்கும் வேலை குறைவு.

நன்றி, வணக்கம்.