தீர்ந்ததா, வற்றியதா, தேய்ந்ததா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்பானிஷ் படிக்கும் தமிழர்களில் பலர் ஆங்கிலப் பாடநூலைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மொழிக்குள் போகிறார்கள். பல இடங்களில் அதனால் கெடுதல் இல்லை. ஆனால் "தீர்ந்துபோச்சு", "ஓய்ந்துபோனேன்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்தச் சுற்றுவழி காலை வாரிவிடுகிறது. அங்கே தமிழிலிருந்து நேரே போவதுதான் சுலபம்.

கையில் பணம் இல்லை. ஸ்பானிஷ்காரர் "செ மெ அக்காபோ எல் தினேரோ" என்பார். தினேரோ என்றால் பணம், அக்காபோ என்றால் தீர்ந்தது, நடுவில் நிற்கும் மெ என்பது "எனக்கு". அதாவது, எனக்குப் பணம் தீர்ந்துவிட்டது. நம் வீட்டில் பேசுகிற அதே வாக்கியம்! பணம்தான் எழுவாய், தீர்த்தவன் நான் என்று எங்கும் வரவில்லை, பாதிப்பு மட்டும் எனக்கு. தீர்ந்தவை பலவாக இருந்தால் வினையும் பன்மைக்கு மாறும். தக்காளிகள் தீர்ந்தன என்பதற்கு "செ மெ அக்காபாரோன் லோஸ் தொமாத்தேஸ்". ஆங்கிலம் வழியாக வருகிற மாணவர் "நான்" என்று தொடங்கிவிட்டு, அப்புறம் வினையைத் தேடித் தடுமாறுகிறார்.

"நான்", "நாங்கள்" என்று தொடங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. "நோஸ் கெதாமோஸ் சின் லெச்சே", பாலில்லாமல் நிற்கிறோம். சின் என்றால் இல்லாமல். கைப்பேசியில் சார்ஜ் இறங்கிவிட்டாலும் "மெ கெதே சின் பத்தெரீயா" என்பது தினமும் காதில் விழுகிற பேச்சு.

இனி அகோத்தாதோ. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. இதன் வேரில் இருப்பது கோத்தா, அதாவது துளி. ஒரு பாத்திரத்திலிருந்து கடைசித் துளி வரை வடிப்பது என்பதே அகோத்தார் என்ற வினையின் முதற்பொருள். நம் "வற்றுதல்" இதற்குப் பக்கத்தில் வருகிறது. இருந்ததெல்லாம் போய்விட்டது என்ற அழுத்தம் இதில் உண்டு. மறுபதிப்பு வராத புத்தகம் அகோத்தாதோ. பொறுமை வற்றினாலும் இதே வினை. ஸ்பெயினில் டிசம்பர் 22 அன்று குலுக்கல் நடக்கும் கிறிஸ்துமஸ் லாட்டரிக்கு, பலர் விரும்பித் தேடும் எண் விற்றுத் தீர்ந்ததும் கடையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இந்தச் சொல் ஏறிவிடும். இசை நிகழ்ச்சிக்கு "எந்த்ராதாஸ் அகோத்தாதாஸ்", நுழைவுச்சீட்டுகள் முடிந்தன. காளைச் சண்டை அரங்குகளில் மட்டும் மரபு வேறு. அங்கே தொங்கும் பலகையில் "நோ ஆய் பிய்யேத்தேஸ்", சீட்டு இல்லை, என்றுதான் இருக்கும்.

ஆள் களைத்துப்போனாலும் அகோத்தாதோதான். பெண் தன்னைச் சொல்லும்போது அகோத்தாதா. சாதாரணக் களைப்புக்கு கன்சாதோ போதும். மாடி ஏறி வந்ததற்கெல்லாம் அகோத்தாதோ என்றால் சொல்லின் பலம் போய்விடும். கன்சாதோவில் ஒரு கண்ணி இருக்கிறது. "எஸ்தா கன்சாதோ" என்றால் அவர் களைத்திருக்கிறார். "எஸ் கன்சாதோ" என்றால் அந்த வேலை களைப்பைத் தருவது. நம் "இரு" என்பதற்கு ஸ்பானிஷில் எஸ்தார், செர் என்று இரண்டு வினைகள்; அப்போதைய நிலைக்கு எஸ்தார், இயல்புக்கு செர். அந்த வேறுபாடுதான் இது.

இதைவிடப் பெரிய ஆபத்து அக்காபாதோ. பணத்துக்கு அக்காபோ சொன்னோமே, நமக்கும் அதுவே ஆகட்டும் என்று "எஸ்தோய் அக்காபாதோ" என்று சொல்லிவிடாதீர்கள். "என் கதை முடிந்தது, இனி எழ மாட்டேன்" என்று கேட்பவருக்குப் படும். தோற்ற அரசியல்வாதிக்கும் ஆட்டத்திறன் போய்விட்ட விளையாட்டு வீரருக்கும் பொருந்துகிற சொல் அது. ஒரு நாள் வேலை முடித்து வீடு திரும்பியவருக்குப் பொருந்தாது.

கஸ்தாதோ வேறு வகை: தேய்ந்தது, செலவானது. அடி தேய்ந்த செருப்பு, முழங்கை வெளுத்த சட்டை, பலமுறை சொல்லிச் சலித்த உவமை, எல்லாம் கஸ்தாதோ. பொருள் கையில் இருக்கிறது, உழைப்புதான் அதைத் தின்றுவிட்டது. கடையில் செருப்பு தேய்ந்திருந்தால் கஸ்தாதோ, கையிருப்பே இல்லையென்றால் அகோத்தாதோ. இரண்டையும் மாற்றிச் சொன்னால் கடைக்காரர் குழம்பிப்போவார்.

பேச்சில் இன்னும் எத்தனையோ உண்டு. ஸ்பெயினில் "எஸ்தோய் எச்சோ போல்போ" என்பார்கள்; தூளாகிவிட்டேன் என்று நேர்ப்பொருள். பெண் சொன்னால் எச்சோ எச்சா ஆகும், போல்போ மாறாது. மாவாக அரைபட்டவர் மொலீதோ, வேலையிலேயே வெந்து வெறுத்தவர் கெமாதோ. எக்சாவுஸ்தோ என்ற சொல் எழுத்திலும் செய்தியிலும் வரும். வீட்டுப் பேச்சில் அது கொஞ்சம் விறைப்பு. காலாவதியான பாலுக்கு இவை எதுவும் ஆகாது. ஸ்பெயினில் அது கதுக்காதோ, லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் பென்சீதோ.

நன்றி, வணக்கம்.